பிழைத்தவள்

ஜூன் 3

அன்புள்ள பொடியனுக்கு,

தலை நரைத்தவனைப் பொடியன் என்று கூப்பிடலாமா என்று சற்று யோசித்தேன். எனக்கும் நரைத்துவிட்டது, ஆகவே கூப்பிடலாம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட வேண்டுமானால் தாள் தேட வேண்டும், தபால்தலை வாங்க வேண்டும், தபால்பெட்டி வரை நடக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். அதனால்தான் கடிதம்.

நான் ஒரு இணையதளம் ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கப் பிடிக்காமல் தெருமுனைக் கணினி மையத்தில் சேர்ந்தேன். அங்கே சொல்லித் தரும் பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் மகள் வயதுதான் இருக்கும். "எதைப் பத்தி டீச்சர் தளம் போடப் போறீங்க?" என்று கேட்டாள். "எங்க பழைய வீட்டைப் பத்தி" என்றேன். "வீட்டைப் பத்தி என்ன இருக்கு?" என்றாள். இரண்டு மணி நேரம் சொன்னேன். பாவம், அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

தளத்தின் பெயர் 'பழைய வீடு'. அறைக்கு ஒரு பக்கம். வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி, துணி உலர்த்தும் தகரக் கொட்டகை என்று வரிசையாக எழுதிவருகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பெட்டி உண்டு. படிப்பவர்கள் தங்களுக்கு ஞாபகம் இருப்பதை அதில் எழுதலாம். நம் தெருக்காரர்கள் எங்கெங்கிருந்தோ எழுதுகிறார்கள். வீடு நின்ற இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடம் இருக்கிறது. அதில் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். பழுதானால் என் தம்பியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லட்டுமா?

என் வகுப்பு வழக்கம் உனக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதும்போது வேண்டுமென்றே ஒரு பிழை விடுவேன். கண்டுபிடித்துச் சொல்கிற பிள்ளை அதைத் தன் கையாலேயே அழிக்கலாம். சும்மா கேட்டால் தூங்கிவிடுவார்கள், பிழை தேடச் சொன்னால் கண் விழித்திருப்பார்கள். தளத்திலும் அங்கங்கே அப்படிப் பிழைகளை ஒளித்துவைத்திருக்கிறேன். அந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. கண்டுபிடித்துச் சொல்.

சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்கிறேன். அம்மா போனபோது வந்தாய், வந்த வேகத்தில் போய்விட்டாய். எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான். என் கண் மூடுவதற்குள் ஒருமுறையாவது வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடு. இந்தத் தளமே உன்னைக் கூப்பிடுவதற்கான சாக்குத்தான்.

அக்கா


ஜூன் 19

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

தளத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் தன் போனில் திறந்து காட்டினான். "அண்ணே, உங்க வீடா இது? அரண்மனை மாதிரி எழுதியிருக்காங்க" என்றான். "மழை பெஞ்சா ஒழுகுற அரண்மனைடா" என்றேன்.

உன் பரீட்சைக்கு விடை. ஒன்று, சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். அது மேற்கு. சாயங்கால வெயில் அடுப்பு மேல் விழுகிறது என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். இரண்டு, கூடத்துக் கடிகாரம் மணி அடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் கீழே போட்டு உடைத்த நாளிலிருந்து அது வாயே திறக்கவில்லை. அந்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

மூன்றாவது ஒன்று உண்டு, ஆனால் நீ வேண்டுமென்று விட்ட பிழை இல்லை. வாசல் பக்கத்தில், 'எந்த நேரத்தில் யார் தட்டினாலும் திறந்த கதவு' என்று எழுதியிருக்கிறாய். நான் தட்டினேன். திறக்கவில்லை. பரீட்சையில் தோற்றதற்கு, "என் வீட்டுல பிழைக்கு இடமில்ல" என்று அப்பா என்னைத் துரத்தினார். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர், அப்படித்தான் பேசுவார். ஊரைச் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்பி வந்த அந்த மத்தியானம் கொட்டுகிற மழையில் கை வலிக்கத் தட்டினேன். அப்பா தூங்கினார், அம்மா வெளியே போயிருந்தாள், அது சரி. நீ இருந்தாய். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அம்மாவின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுகூடச் சொன்னாய்.

பிழை தேடச் சொன்னாயே, தேடிவிட்டேன்.

இப்படிக்கு,
பொடியன் அல்லாத உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

முதல் இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண். மூன்றாவதற்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தகரத்தின் மேல் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நடந்தது இதுதான். நீ நம்பாமல் போனால் அதை நான் எப்படி வாங்கித் தர முடியும்? வாசல் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

நீ ஒரு பிழையைக் கோட்டைவிட்டுவிட்டாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், ஊரே கோட்டைவிட்டிருக்கிறது. மாடிப்படிப் பக்கத்தில், 'கொல்லைப்புறப் படிக்குக் கீழே பச்சைக் கதவு போட்ட சின்ன அறை' என்று எழுதியிருக்கிறேன். நம் வீட்டில் அப்படி ஏது அறை? அங்கே வெறும் சுவர். நாம் முதுகு சாய்த்து உட்கார்ந்து சுண்ணாம்பைச் சட்டையில் அப்பிக்கொண்ட சுவர். இருந்ததிலேயே பெரிய பிழையாக, குருடருக்கும் தெரியும்படி ஒன்றைப் போடுவோம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

ஜன்னல் பிழைக்கு மூன்று பேர் திருத்தம் அனுப்பினார்கள். அறையை ஒருவரும் திருத்தவில்லை. அதற்குப் பதிலாகத் தையல்காரரின் மகள் எழுதுகிறாள்: 'அப்பாவோடு அளவெடுக்க வரும்போது அந்தப் பச்சைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போதும் ஒரு விரல் அளவுக்குத் திறந்தே இருக்கும்.' இன்னொருவர், உள்ளே ஒரு பெண் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் தெருவரை கேட்கும் என்கிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வகுப்பில் இப்படி நடப்பதுண்டு. 'போன வருஷம் சுற்றுலா போனோமே, யானை பார்த்தோமே' என்று ஆரம்பித்தால், சுற்றுலாவுக்கே வராத பிள்ளைகூட யானை காதை ஆட்டியது என்று சொல்லும். அது பொய் இல்லை, கூட்டத்தோடு சேர்ந்து ஞாபகம் வைத்துக்கொள்வது.

ஆனால் நேற்று அந்தச் செய்திகளை மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. ஏனென்று தெரியவில்லை.

நீ ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்த்து, 'இது பிழை' என்று பெட்டியில் எழுது. வீட்டுக்காரன் சொன்னால் கேட்பார்கள்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

நேற்று ஒரு லிஃப்ட் நின்றுபோய், உதிரி பாகம் வரும்வரை காத்திருந்தேன். பொழுது போகாமல் எலக்ட்ரீஷியன் போனில் மீதிப் பக்கங்களையும் பார்த்தேன். மாடிப்படியைப் பார்த்தேன். பச்சைக் கதவைப் போட்டிருக்கிறாய். நீ அதைப் போடுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது.

உன்னிடம் ஒன்றைச் சொன்னதே இல்லை, சின்னக்கா சொல்லாதே என்றதால். நாளாக நாளாக நானே மறந்தும் போனேன். அன்றைக்கு வாசலில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, திரும்பிப் போகலாம் என்று இறங்கினேன். பின்பக்கம் சுற்றி வந்தால் அந்தப் பச்சைக் கதவு திறந்திருந்தது. அவள்தான் நின்றாள். என்னை உள்ளே இழுத்து, செங்கல் முட்டுக்கொடுத்த அந்த மூன்று கால் ஸ்டூலில் உட்காரவைத்து, தலையைத் துவட்டினாள். "எருமை மாதிரி நனைஞ்சிருக்கே, முடி வேற காடு மாதிரி" என்று திட்டிக்கொண்டே துவட்டினாள். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள். நான் அழுதுகொண்டே, "அக்கா வேணும்னுதான் தொறக்கல" என்றேன். "இல்லடா. அவ மாடில தகரக் கொட்டகைல இருக்கா. அவளுக்குக் கேக்கல. அவ மேல கோவப்படாதே" என்றாள். அப்பா எழுவதற்குள் போய்விடு என்று என்னை வெளியே விட்டாள்.

பக்கத்தைப் பார்த்ததும் இதெல்லாம் மொத்தமாக வந்து நின்றது. அவள் சொன்னதை இத்தனை வருடம் எப்படி மறந்தேன்? அவள் சொன்னதை நம்பாமல் உன்மேல் இவ்வளவு கோபம் வைத்திருந்தேனே, என்ன மனிதன் நான்? உனக்குக் கேட்கவில்லை அக்கா. இப்போது எனக்குத் தெரிகிறது.

அக்டோபரில் லீவு கேட்டிருக்கிறேன். உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? உன்னோடா? தளத்தில் அதை எழுதவில்லையே.

பொடியன்


ஜூலை 20

அன்புள்ள பொடியனுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. என் கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். படித்துவிட்டு நீ எப்படி உட்கார்ந்திருந்தாயோ என்று நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை.

'உனக்குக் கேட்கவில்லை அக்கா' என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்? ஆனால் அதைச் சொன்னவள் யார்? எனக்காகச் சாட்சி சொல்ல ஒரே ஒருத்தி வருகிறாள், அவளும் நான் போட்ட பிழை. அப்படிக் கிடைத்த மன்னிப்பை நான் எப்படி வாங்கிக்கொள்வேன்? காப்பி அடித்த விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்ட மாதிரி இருக்காதா?

தம்பி, நமக்கு நடுவில் யாரும் இல்லை. உனக்கும் எனக்கும் ஏன் இவ்வளவு வயது வித்தியாசம் என்று ஒருமுறை அம்மாவிடம் நானே கேட்டிருக்கிறேன். "நீ ஒண்ணு, அப்புறம் அவன் ஒண்ணு. நடுவுல யாரு இருக்கா?" என்றாள். பசியும் மழையும் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு யாராவது வந்து தலை துவட்டினால் தேவலை என்று தோன்றும். அந்த ஏக்கம் உள்ளேயே கிடந்திருக்கிறது. அது தங்க நான் ஒரு அறையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த ஸ்டூல். அதைப் பற்றித் தளத்தில் ஒரு வார்த்தை இல்லை. அறையை எழுதும்போது உள்ளே என்ன இருக்கும் என்று சும்மா மனதுக்குள் பார்த்தேன். ஒரு கால் உடைந்த ஸ்டூலும் முட்டுக்கொடுத்த செங்கலும் தெரிந்தன. பிழைக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று எழுதாமல் விட்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. நீ எழுதியிருக்கிறாய். அதற்கு மறுநாள் எதிர்வீட்டுக் கம்பவுண்டரும் பெட்டியில் எழுதியிருக்கிறார்: 'நடு மகளுக்கு ஊசி போட வருவேன். மூன்று கால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வலிக்கவில்லை என்று சொல்லும்.'

இப்போது எல்லோரும் அதையே கேட்கிறார்கள். உங்கள் நடு சகோதரி சௌக்கியமா? எங்கே இருக்கிறாள்? ஏன் அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை?

வகுப்பு முடியும்போது பலகையில் பிழையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதையே எழுதிக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிடப் போகிறேன். நீ என்னை நம்பி வா. அவளை நம்பி வராதே.

அக்கா


ஆகஸ்ட் 5

டீச்சருக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பலகை துடைப்பதில் நீ கெட்டிக்காரி. அப்பா என்னைத் துடைத்தார், நீ அவளைத் துடைக்கிறாய். ஒரே கை, ஒரே துணி.

காய்ச்சல் என்கிறாய், ஏக்கம் என்கிறாய். எனக்குப் படிப்பு வராது, ஆனால் என் தொழிலில் ஒன்று தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் கதவை நெம்பித் திறப்போம். எதிரே சுவர்தான் இருக்கும். கட்டடம் கட்டியபோது கொத்தனார் யாராவது அந்தச் சுவரில் ஏதாவது கிறுக்கியிருப்பார்கள். ஒரு பேர், ஒரு முகம். நல்லபடியாக மேலும் கீழும் போய்வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அது தெரியும். அன்றைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். நீ மேலே துணி மடித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?

நீ எழுதியதாலா அவள் வந்தாள்? அப்படியானால் கம்பவுண்டர் ஊசி போட்டது யாருக்கு? உன் மனதுக்குள் இருந்த ஸ்டூலில் நான் எப்படி உட்கார்ந்தேன்? பிழை என்று நீ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன் கை உண்மையை எழுதியிருக்கிறது.

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் இருந்தால்தான் வருவேன். அவளே இல்லை என்றால், உனக்குக் கேட்கவில்லை என்பதும் இல்லை. பிறகு அந்த மத்தியானம் மறுபடி பழையபடிதான். கதவும், மழையும், உள்ளே நீயும். அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்.

எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புள்ள பொடியனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பக்கத்தை அழித்துவிட்டேன். அழித்ததும் சுத்தமாகத் துடைத்த பலகையைப் பார்ப்பது போல ஒரு நிம்மதி இருந்தது. மையத்துப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன டீச்சர், தங்கச்சி பக்கத்தைக் காணோம்?"

"எனக்குத் தங்கச்சி இல்லம்மா."

"போங்க டீச்சர், விளையாடாதீங்க. அவங்களுக்குப் பல்லின்னா பயம், ஒரு நாள் முழுக்க ஸ்டூல் மேலயே நின்னாங்கன்னு நீங்கதானே போன வாரம் சொல்லிச் சிரிச்சீங்க?"

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். அவளிடம் சண்டைக்குப் போகாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏனென்றால், தம்பி, பல்லிக்குப் பயப்படுவாள் என்பது சரிதான்.

அதற்குப் பிறகு சில நாள் தளத்தையே திறக்கவில்லை. உன் கடிதம் வந்தது. படித்தேன். முதலில், பிடிவாதம் அப்படியே அப்பா என்று நினைத்தேன். பிறகு சும்மா ஒரு சோதனைக்காக உட்கார்ந்தேன். அழித்த பக்கத்தை மறுபடி எழுதிப் பார்ப்போம், எந்த இடத்தில் கற்பனை செய்கிறேன் என்று கவனிப்போம் என்று நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவளுக்கு இது தெரியும்: உண்மையை எழுதக் கை தானாக ஓடும், பிழை எழுத வேண்டுமானால் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கை எங்கும் நிற்கவில்லை. பச்சைக் கதவின் அடியில் வண்ணம் உரிந்த இடம், தாழ்ப்பாளுக்குப் பதில் கட்டியிருந்த நாடா, பின்னல் போடும்போது ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிற அந்தக் குழறல், எல்லாம் வந்தது. அந்த வெறும் சுவரை நினைத்துப் பார்த்தேன், நாம் முதுகு சாய்த்த சுவரை. அதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

'பிழை' என்ற சொல்லை வகுப்பில் இப்படிச் சொல்லித் தருவேன். 'இது பிழை' என்று சுட்டிக் காட்டினால் அது தவறு. அதையே ஒருவரைப் பார்த்து, 'பிழை!' என்றால், செத்துப்போகாதே, உயிரோடு இரு என்று பொருள். எழுத்து ஒன்றுதான், யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் ரசிப்பார்கள். நானும் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வருடா வருடம் சொல்லிவந்திருக்கிறேன். யாரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். உனக்குப் பயந்து போட்டேன் என்று நினைக்காதே. நீ வர வேண்டும் என்ற ஆசையில் போட்டேன் என்று நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதியை நேரில் சொல்கிறேன்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறோம். என் வீடு சின்னது, படுக்கையறை ஒன்றுதான். நீ கூடத்தில் படுத்துக்கொள், உள்ளே நாங்கள் படுத்துக்கொள்கிறோம். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிதான் இருந்தது. நேற்று போய் இன்னொன்று வாங்கினேன். கடைக்காரர், "மூணு பேரா டீச்சர்? தனியாத்தானே இருந்தீங்க?" என்றார். "வர்றாங்க" என்றேன்.

அக்கா

பி.கு. ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்த்தேன். தொழில் புத்தி, எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் மனசு கேட்காது. தோளுக்குப் பின்னால் நின்று அவளும் படித்தாள். பிழை ஒன்றும் இல்லை என்கிறாள்.